மாவின் பதமும் விரலின் பலமும்

ஐந்து வயதுக் குழந்தையை உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால், நாலைந்து வரி முடிவதற்குள் "கை வலிக்குது" என்று அது முனகுவதைப் பல வீடுகளில் கேட்கலாம். எழுதாமல் தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்றே பெரியவர்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்தக் கை உண்மையாகவே வலிக்கிறது. வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது குருத்தெலும்பாக இருக்கும் இவை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆண்டுகளில் கெட்டிப்படுகின்றன. அவற்றுள் கடைசி எலும்பு உருவாகத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 8 முதல் 12 வயது ஆகிவிடுகிறது. கட்டைவிரலின் அடியில் மேடாகத் தெரியும் தசைகளும், உள்ளங்கைக்குள் விரல்களுக்கு இடையே ஓடும் மெல்லிய தசைகளும் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் உறுதிப்படுகின்றன. அந்த உறுதி வருவதற்கு முன்பே நோட்டுப் புத்தகம் வந்துவிடுவதுதான் சிக்கல்.

அந்தத் தசைகளுக்கு அலுக்காமல் வேலை கொடுப்பதற்கு விளையாட்டு மாவு மிகவும் ஏற்றது. கடைகளில் 'கிளே' என்றும் 'பிளே டோ' என்றும் கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அதை வைத்து யானை செய்வது எப்படி, பூ செய்வது எப்படி என்று சொல்லித்தரும் குறிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. மழலையர் வகுப்பில் பல ஆண்டுகள் மாவோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது வேறு: குழந்தை என்ன உருவம் செய்கிறது என்பதைவிட, எந்தப் பதத்தில் இருக்கும் மாவை அதன் கையில் கொடுக்கிறோம் என்பதே விரல்களின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. போளிக்குப் பிசையும் மாவும் சப்பாத்திக்குப் பிசையும் மாவும் பூரிக்குப் பிசையும் மாவும் ஒன்றல்ல என்பது நம் வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். அதே மூன்று பதங்களை வைத்தே இந்த விளையாட்டுகளையும் வகுத்துக்கொள்ளலாம்.

பதம்தான் முக்கியம் என்பதற்கு 'பிளே டோ'வின் கதையே சாட்சி. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குட்டோல் என்னும் நிறுவனம், நிலக்கரி அடுப்புகளின் புகையால் சுவர்க்காகிதத்தில் படியும் கரியைத் துடைத்தெடுக்க ஒருவகை மாவுக் கலவையை விற்றுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளில் எரிவாயுக் கணப்புகள் பரவியதாலும், தண்ணீர் தொட்டுத் துடைக்கக்கூடிய வினைல் காகிதங்கள் வந்துவிட்டதாலும் அந்தக் கலவையை வாங்க ஆளில்லாமல் போனது. அப்போது நிறுவனத்தை நடத்திய ஜோ மெக்விக்கரின் உறவினரும் மழலையர் பள்ளி ஆசிரியையுமான கே ஸூஃபால், குழந்தைகளின் கைக்கு வழக்கமான களிமண் மிகவும் கெட்டியாக இருக்கிறது என்று கண்டு, இந்த மென்மையான கலவையை அவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். 1956-ஆம் ஆண்டில் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

மாவைத் தயாரித்தல்

கடையில் வாங்கும் மாவு வசதியானது என்றாலும், அதன் பதத்தை நம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஆகவே வீட்டில் கிளறிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய், அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு கப் தண்ணீர் ஆகியவை போதும். எல்லாவற்றையும் அடி கனமான வாணலியில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் தோசை மாவு போல ஓடும். பிறகு திடீரென்று அங்கங்கே திரளத் தொடங்கும். நான்கைந்து நிமிடங்களில் கொழுக்கட்டை மாவைப் போல வாணலியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுருண்டு வந்துவிடும். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்து, தட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் வழவழப்பாகும் வரை நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். சூட்டில் கையை வைக்கும் இந்தக் கட்டம் முழுவதும் பெரியவர்களின் வேலை.

உப்பு இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மாவு கெடாமல் இருப்பதற்கும், குழந்தை ஒருமுறை வாயில் வைத்தால் மறுமுறை வைக்காமல் இருப்பதற்கும் அதுவே காவல். ஆனால் காவலாக இருக்கும் பொருளே ஆபத்தாகவும் ஆகலாம்: இந்த மாவை ஒரு குழந்தை கைப்பிடியளவு விழுங்கிவிட்டால் உடலில் உப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும், அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எதை எடுத்தாலும் வாய்க்குக் கொண்டுபோகும் பருவத்தில் இருக்கும் குழந்தைக்கு, உப்பில்லாத சாதாரணச் சப்பாத்தி மாவையே அன்றன்றைக்குப் பிசைந்து கொடுத்துவிட்டு, விளையாடி முடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மைதாவும் ஆகாது, கடையில் விற்கும் பெரும்பாலான விளையாட்டு மாவுகளும் ஆகாது, ஏனெனில் அவற்றிலும் கோதுமை இருக்கிறது. அவர்களுக்கு அரிசி மாவை வெந்நீர் ஊற்றிக் கொழுக்கட்டை மாவாகக் கிளறித் தரலாம். அதைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் நிச்சயம் உதிரும். கோதுமையில் உள்ள பசைப்புரதம் அரிசியில் இல்லாததால், சூட்டில் வெந்த மாவுச்சத்துதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. இந்த விவரம் தெரியாமல் நான் முதன்முதலில் பச்சரிசி மாவில் பிசைந்து எடுத்துச்சென்ற நாளில், இருபது குழந்தைகளும் கோலப்பொடி தூவியதுபோல வகுப்பறையை வெள்ளையாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

நிறத்துக்குக் கடைச் சாயம் வேண்டாம் என்றால், தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாறு ஊற்றலாம். எலுமிச்சையின் புளிப்பு இருப்பதால் அந்தச் சிவப்பு ஓரளவு நிற்கும். கீரைச் சாற்றின் பச்சை இரண்டே நாளில் மங்கிப் பழுப்பாகிவிடும். மஞ்சள் தூள் மிக அழகான நிறம் தரும், ஆனால் சட்டையில் பட்டால் போகாது. சோப்புப் போட்டவுடன் கறை சிவந்துபோவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், மஞ்சளின் இயல்பே அது. துவைத்து நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் வெளுத்துவிடும்.

பதத்தை மாற்றுவது எளிது. இளக்கமாக வேண்டுமானால் சில சொட்டு வெந்நீரும் எண்ணெயும் சேர்த்துப் பிசைய வேண்டும். கெட்டியாக வேண்டுமானால் மைதாவைச் சிறிது சிறிதாகத் தூவி அழுத்தலாம், அல்லது அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கிளறிய மாவு குளிரில் இன்னும் இறுகும். மழைக்காலத்தில் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மாவு தானாகவே பிசுபிசுப்பாகிவிடும்; அப்போது தண்ணீரின் அளவை முதலிலேயே சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.

உட்காரும் விதம்

விரல்கள் நுணுக்கமாக இயங்க வேண்டுமானால் தோளும் முதுகும் அசையாமல் நிற்க வேண்டும். உயரமான நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் குழந்தையின் கவனத்தில் பாதி, விழாமல் இருப்பதிலேயே செலவாகிவிடும். நம் வீட்டு மணைப்பலகையோ குட்டை முக்காலியோ இருந்தால் அதைவிட நல்ல மேசை தேவையில்லை. குழந்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், பலகை அதன் தொப்புள் உயரத்தில் வர வேண்டும். சில குழந்தைகள் நின்றுகொண்டு பிசைவதையே விரும்புவார்கள். தாராளமாக விடலாம், ஏனெனில் முழங்கையை நீட்டி உடல் பாரத்தைக் கையில் இறக்கி அழுத்தும்போது தோள்பட்டைக்கும் நல்ல வேலை கிடைக்கிறது. பலகைமேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, பக்கத்தில் ஒரு ஈரத்துணி, கையில் ஒட்டாமல் தொட்டுக்கொள்ளச் சிறிது உலர்ந்த மாவு ஆகியவற்றைத் தவிர முதல் நாளில் வேறெதுவும் தேவையில்லை. கையில் கீறலோ சிரங்கோ இருந்தால் உப்பு எரியும் என்பதால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

போளிப் பதம்: ஒன்றரை வயது முதல்

விரலை வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு இளக்கமான மாவை, குழந்தையின் இரண்டு கைகளும் கொள்ளும் பெரிய உருண்டையாகக் கொடுக்க வேண்டும். இந்த வயதில் கை முழுவதும் ஒரே கருவியாகத்தான் இயங்கும். குழந்தை கிரேயானைக்கூட முஷ்டிக்குள் பிடித்துத்தான் கிறுக்கும். ஆகவே தட்டுதல், அமுக்குதல், பிய்த்தல், பிசைதல் என்ற நான்குமே போதுமான விளையாட்டு. நாம் அருகில் உட்கார்ந்து, கை செய்யும் வேலைக்கு ஒரு சொல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். கையின் வேலைக்குத் தமிழில் இருக்கும் வினைச்சொற்கள் கொஞ்சமா? தட்டு, அமுக்கு, பிய், கிள்ளு, நசுக்கு, உருட்டு, திருகு, முறுக்கு, வழி, நீவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் தசைக்கு வெவ்வேறு வேலை என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டுச் செய்யும் குழந்தைக்கு மொழியும் சேர்ந்து வருகிறது.

இரண்டு வயதை ஒட்டி ஆள்காட்டி விரலைத் தனியே பிரித்து இயக்கும் ஆட்டத்தைத் தொடங்கலாம். மாவைத் தட்டையாகத் தட்டிவைத்து, உளுந்து வடையில் ஓட்டை போடுவதுபோல ஒரு குழி போட்டுக் காட்டினால், குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தட்டு முழுவதும் குழி போட்டுவிடும். குழி போடும்போது மற்ற நான்கு விரல்களும் மடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் எல்லா விரலும் சேர்ந்தே இறங்கும். சில வாரங்களில் ஒன்று மட்டும் நீளும். இன்னொரு ஆட்டம், பெரிய கரண்டி அல்லது கைப்பிடியளவு பொம்மையை மாவுக்குள் புதைத்துவைத்துத் தோண்டி எடுக்கச் சொல்வது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டாணி, மணி, பொத்தான் போன்றவற்றை ஒருபோதும் புதைக்கக் கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். மூக்கில் திணித்துக்கொண்டால், கொண்டைக்கடலை போன்றவை ஈரத்தில் ஊறிப் பெருத்து எடுக்க முடியாமல் போகும்.

சப்பாத்திப் பதம்: மூன்று, நான்கு வயது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், ஏனெனில் விரல்நுனிகள் கண்விழிப்பது இப்போதுதான். இந்த வயதுக்கென்று ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உருண்டை உருட்டுவதையே சொல்வேன்.

முதலில் மாவைப் பலகைமேல் வைத்து உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டினால் பாம்பு வரும். பாம்பு எல்லோருக்கும் வந்துவிடும். உருண்டைக்கு உள்ளங்கையை வட்டமாகச் சுழற்ற வேண்டும் என்பதால் அது சற்றுத் தாமதமாகத்தான் கைவரும். முதல் முயற்சியில் உருண்டைக்குப் பதில் சுண்டைக்காய் வற்றல் போல எதுவோ வரும், அதைப் பாராட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் உருட்டக் கற்றதும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டச் சொல்லலாம். அதன்பிறகு அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதலில் லட்டு, அடுத்து நெல்லிக்காய், அடுத்து சீடை, கடைசியில் மிளகு.

லட்டு அளவில் இருக்கும்வரை உள்ளங்கைகள் வேலை செய்கின்றன. நெல்லிக்காய் அளவில் உள்ளங்கை குழிந்து கொடுக்கத் தொடங்குகிறது; கையின் அந்தக் குழிவுதான் பின்னாளில் பென்சிலையும் கத்திரியையும் தாங்கும் வளைவு. சீடை அளவுக்கு வந்ததும், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அது நழுவுவதால், குழந்தை யாரும் சொல்லாமலேயே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனிக்கு அதை மாற்றிக்கொள்ளும். பென்சிலைப் பிடிக்க வேண்டிய மூன்று விரல்களும் இவையே. "பென்சிலைச் சரியாகப் பிடி" என்று நூறு முறை அதட்டிச் சொல்லிக்கொடுக்கும் பிடி, சீடை உருட்டும்போது தானாக வந்துவிடுகிறது. மிளகு அளவு வரும்போது இரண்டே விரல்நுனிகள் ஒன்றையொன்று முட்டுகின்றன. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை உதட்டோரத்தில் துருத்திக்கொண்டு உருட்டும். அந்த நாக்கு வெளியே வந்தால் வேலை சரியான கடினத்தில் இருக்கிறது என்று நான் கணக்குவைத்துக்கொள்வேன்.

இதனோடு ஒரு சிறு தந்திரத்தையும் சேர்க்கலாம். நம் கையின் கட்டைவிரல் பக்கம் நுணுக்கமான வேலையைச் செய்ய, சுண்டுவிரல் பக்கம் மடங்கி நின்று தாங்குகிறது. எழுதும்போதும் இந்தப் பிரிவினை வேண்டும். ஒரு சீடையைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் ஒளித்துப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்று விரல்களால் தட்டிலுள்ள சீடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். ஒளித்த சீடை கீழே விழாமல் எத்தனை பொறுக்கினார்கள் என்பதுதான் போட்டி. நாலு வயதுக் குழந்தைகள் இதற்காக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

கிள்ளுதலும் இந்தக் கட்டத்துக்கு உரியது. மாவை அரைவட்டமாக மடித்து, சோமாசியின் ஓரத்தை மடக்கி மடக்கிக் கிள்ளுவதுபோல ஓரம் முழுவதும் கிள்ளிக்கொண்டு போகலாம். உருண்டையின் முதுகில் முள் முள்ளாகக் கிள்ளினால் பலாப்பழம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான கிள்ளல், கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வது. ஒரு கை மாவைச் சுழற்றிக்கொடுக்க, மறு கையின் கட்டைவிரல் உள்ளே நின்று குழிக்க, ஆள்காட்டி விரல் வெளியே நின்று தாங்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலையைச் செய்யும் இந்த ஒத்துழைப்பு, பொத்தான் போடவும் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கவும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டவும் தேவைப்படும். குழந்தையின் சொப்பு கோணல்மாணலாக, அடியில் ஓட்டையோடுதான் வரும்.

கத்திரிக்கோலை அறிமுகப்படுத்தவும் மாவே சிறந்த இடம். காகிதம் துவண்டுவிடும், அதை நேராகப் பிடிப்பதே ஒரு வேலை. கோடு தப்பினால் குழந்தைக்கு மனம் உடைந்துவிடும். சுண்டுவிரல் தடிமனுள்ள மாவுப் பாம்பைப் பலகைமேல் வைத்து, முனை மழுங்கிய சிறுவர் கத்திரியால் ஒரே வெட்டில் ஒரு துண்டு விழுமாறு வெட்டலாம். மாவு எதிர்த்துக் கொடுப்பதால் கத்திரி திறந்து மூடுவதை விரல்கள் உணர்கின்றன. கட்டைவிரல் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பூரிப் பதம்: ஐந்து வயதுக்கு மேல்

இந்தப் பதத்தில் மாவை அழுத்தினால் விரல்நுனி வெளுக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே கொடுத்து, "இதை இளக்கிக் கொடு" என்று கேட்பதே ஒரு பயிற்சி. பூரிக்கட்டையால் ஒரே கனத்தில் தேய்த்து, சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை ஓட்டி வளைந்த கோடுகள் போடலாம். சமையலறையில் சும்மா இருக்கும் முறுக்கு அச்சு இந்த வயதுக்குப் பொக்கிஷம். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அமுக்கும் அச்சு உள்ளங்கையின் பிடிக்கும் வலிமையை வளர்க்கிறது. மேலே திருகும் அச்சு மணிக்கட்டைச் சுழற்றும் வேலையைத் தருகிறது. இரண்டும் இருந்தால் மாற்றி மாற்றிக் கொடுங்கள். விளையாட்டுக்கு எடுத்த அச்சை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே சமையலுக்கு எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தீபாவளிச் சமயத்தில் எங்கள் வீட்டு ஓமப்பொடியில் பீட்ரூட் நிறம் வந்ததால் சொல்லிவைக்கிறேன்.

கைமுறுக்குச் சுற்றுபவர்களின் விரலைக் கவனித்திருப்பீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை இழுத்துத் திருகிக்கொண்டே போக, அது துணியில் வட்டமாக விழும். விரல்நுனித் திறனுக்கு அதைவிட உயர்ந்த தேர்வு எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்கே சுலபத்தில் வராத அந்தத் திருகலை ஆறு வயதுக் குழந்தை பாதி வட்டம் வரை கொண்டுவந்தாலும் பெரிய விஷயம். முழு வட்டம் கேட்காதீர்கள்.

துணி கிளிப்பால் மாவுத் துண்டுகளைக் கவ்வி ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும், மாவுக்குள் புதைத்த புளியங்கொட்டைகளைத் தோண்டி எடுத்துப் பல்லாங்குழியில் நிரப்புவதும் இந்த வயதில் நன்றாக ஓடும். விதைகளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் குன்றிமணியில் கொடிய நஞ்சு இருக்கிறது. ஆமணக்கு விதையிலும் அப்படியே. இரண்டையும் எந்த வயதுக் குழந்தையின் விளையாட்டிலும் சேர்க்கக் கூடாது.

ஐஸ் குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, முனையைத் தேய்த்து மழுக்கி, தட்டிய மாவின்மேல் கோலப்புள்ளி வைக்கச் சொல்லலாம். குச்சி குட்டையாக இருப்பதால் முஷ்டிக்குள் பிடிக்க இடமில்லை. மூன்று விரல்நுனிகளுக்கு மட்டுமே இடம் இருக்கும். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி மெல்லிய மாவுப் பாம்பை வளைத்துக் கொண்டுபோனால் சிக்குக்கோலத்தின் முதல் பாடமும் ஆயிற்று.

எழுத்துகளை இதற்குப் பிறகு கொண்டுவருவதே முறை. விஜயதசமியன்று மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைப்பது அழகான சடங்கு. மறுநாளே நான்கு கோடு நோட்டை விரித்துவைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாவில் எழுத்து செய்வதற்கு அகர வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. 'அ' எழுத்தில் சுழியும் வளைவும் நேர்க்கோடும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. 'இ' அதைவிடச் சிக்கல். இரண்டு நேர்க் குச்சிகளைச் சேர்த்தால் 'ட', மூன்றைச் சேர்த்தால் 'ப'. இவற்றில் தொடங்கி, வளைவு வரும் 'ம', 'ய' ஆகியவற்றுக்குப் போய், சுழி வரும் எழுத்துகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். செய்து முடித்த எழுத்தின்மேல், எழுதும் திசையில் ஆள்காட்டி விரலை ஓட்டச் சொல்ல வேண்டும். திசை தவறினாலும் மாவு எழுத்து அழகாகத்தான் இருக்கும் என்பதால், விரலை ஓட்டும் இந்தப் பகுதியைத் தவறவிட்டால் எழுத்தின் வடிவம் தெரியுமே தவிர எழுதும் முறை வராது.

பெரியவர்கள் செய்யக்கூடாதவை

மாவு விளையாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். நாம் அழகாக ஒரு யானையைச் செய்து வைத்துவிட்டால், குழந்தை தன் உருண்டையை ஒருமுறை பார்க்கும், நம் யானையை ஒருமுறை பார்க்கும், பிறகு "நீயே பண்ணு" என்று மாவை நம்மிடம் தள்ளிவிடும். அன்றைய பயிற்சி முழுவதும் நம் விரல்களுக்குத்தான் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் பிசையலாம், உருட்டலாம், குழந்தை செய்வதையே நாமும் செய்யலாம். அதைவிடச் சிறப்பாகச் செய்துகாட்டக் கூடாது. அதேபோல, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் அச்சுகளை முதலிலேயே பரப்பிவைக்க வேண்டாம். நட்சத்திர அச்சை வைத்து அமுக்குவதற்கு ஒரே ஒரு அசைவு போதும். விளைவு உடனே அழகாக வந்துவிடுவதால் குழந்தை விரலால் கிள்ளவும் உருட்டவும் தயங்கும். அச்சுகள் கடைசி ஐந்து நிமிடத்துக்கு.

நிறங்களைக் கலந்துவிடுகிறார்கள் என்று பெற்றோர் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிறம் ஒரே நிறமாகும்வரை பிசைவதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று ஒருமுறை செய்துபார்த்தால் அந்த வருத்தம் போய்விடும். கலந்த மாவு சாம்பல் நிறமாகத்தான் வரும், இருக்கட்டும்.

எந்தக் கையால் செய்கிறது என்பதையும் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும். இடதுகைப் பழக்கம் தெரிந்தால் வலதுக்கு மாற்ற முயல்வது, தானாக வளர்ந்துகொண்டிருக்கும் திறனைத் தடுப்பதாகும். பத்து, பதினைந்து நிமிடம் ஆர்வமாக இருந்தால் அது நல்ல அமர்வு. எழுந்து ஓடினால் விட்டுவிடலாம், நாளைக்கும் மாவு இருக்கும்.

மாவைத் தொடவே மறுக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பிசுபிசுப்பு அவர்களுக்கு உண்மையாகவே தாங்கமுடியாத தொந்தரவு. கையைப் பிடித்து மாவில் அழுத்தினால் வெறுப்புத்தான் வளரும். மாவை ஜிப் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி வெளியிலிருந்து அமுக்கவிடலாம், கரண்டியால் குத்தவிடலாம், ஒட்டாத கெட்டிப் பதத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வைக்கலாம். சிலருக்கு இது ஒரு வாரத்தில் சரியாகும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை ஒதுக்குவது, கட்டைவிரலை உள்ளே மடக்கிய முஷ்டி மாதங்கள் கடந்தும் விரியாமல் இருப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்யமுடியாமல் போவது ஆகியவை மாவால் தீரும் விஷயங்கள் அல்ல. குழந்தைநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அவர், அன்றாட வேலைகளுக்கான கைத்திறனைப் பயிற்சியால் வளர்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் அமைந்த, சிக்கலைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் இடையீட்டு மையங்களில், இத்தகைய வளர்ச்சிச் சிக்கல்களுக்கான பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எடுத்துவைத்தல்

விளையாடி முடித்ததும் மாவை உருட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று வாரங்கள் வரும். வெளியே வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. புளித்த வாடை வந்தாலோ பூஞ்சைப் புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் கழித்துவிட வேண்டும். வகுப்பில் சளி, காய்ச்சல் பரவும் நாட்களில் குழந்தைக்குக் குழந்தை தனி உருண்டை கொடுத்து, அன்றே அதைக் கழித்துவிடுவது நல்லது. பாயிலோ விரிப்பிலோ ஒட்டிய மாவை ஈரத்தோடு தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும்; நன்றாகக் காயவிட்டுத் துடைப்பத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியில் கரைத்து ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். கழித்த மாவை மாட்டுக்கு வைக்கும் கழுநீரிலோ தெருநாய் எட்டும் இடத்திலோ போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள உப்பு அவற்றுக்கும் ஆபத்து. காகிதத்தில் பொதிந்து குப்பையில் போடுவதே சரி.